சர்க்கரை நோய் ஒன்றல்ல: எதனால் வருகிறது, எத்தனை வகை, எத்தனை பேருக்கு

வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அத்தனை ரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ், வெறும் வயிற்றில் பார்த்தால், நாலரை கிராம் அளவுதான். ஒரு டீஸ்பூனில் அடங்கிவிடும். காலையில் எடுக்கும் ஃபாஸ்டிங் சோதனையில் 90 என்று வந்தால் 100 மில்லிக்கு 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். அந்த எண் 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்கிறார்கள். அப்போது மொத்த ரத்தத்திலும் இருப்பது ஆறு கிராமைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். நலமாக இருப்பவருக்கும் நோயாளிக்கும் இடையே இரண்டு கிராம்கூட வித்தியாசம் இல்லை.

சாதாரணமாக ஒரு வேளை சாப்பாட்டிலிருந்து 60, 70 கிராம் குளுக்கோஸ் ரத்தத்துக்குள் வந்து சேரலாம். அதாவது ஏற்கெனவே இருப்பதைப் போலப் பதினைந்து மடங்கு. இருந்தும் நலமான உடம்பில் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண் 140-க்குக் கீழேதான் நிற்கும். இந்தக் கணக்கை உடம்பு ஒவ்வொரு நிமிடமும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ரொம்பக் குறைந்தால் மூளை தடுமாறும், மயக்கம் வரும். கூடுதலாகவே இருந்தால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் என்று ரத்தக்குழாய் போகும் இடமெல்லாம் வருடக்கணக்கில் மெல்ல அரித்துவிடும்.

இந்தக் கணக்கு உடம்பின் பிடியை விட்டுப் போவதுதான் சர்க்கரை நோய். ஆனால் அது எப்படிப் பிடி நழுவியது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கியிருக்கும். சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு பழுதாகியிருக்கும். ரத்தத்தில் கடைசியில் தெரியும் எண் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கிறது. அதை வைத்து, 'இனிப்பை அதிகம் தின்றதால் வந்தது' என்ற ஒரே வரியில் அத்தனை பேரையும் அடைத்துவிடுகிறோம். ஆறு வயதுக் குழந்தைக்கு வந்தாலும் அதே வரிதான், அதுவும் பெற்ற தாயின் முகத்துக்கு நேராக. இது தவறான தகவல் மட்டுமல்ல, பெரிய அநியாயமும்கூட. அதனால் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு இருக்கிறது' என்பதல்ல, 'எந்த வகை, எதனால்' என்பதுதான்.

சர்க்கரை வரும் வழியும் போகும் வழியும்

நாம் சாப்பிடும் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாக ரத்தத்தில் கலக்கிறது. இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தில் தீவுத் திட்டுகளாக அங்கங்கே சில செல் கூட்டங்கள் உண்டு. 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்து எழுதிவைத்தார். அவற்றின் வேலை என்னவென்று அப்போது அவருக்குத் தெரியாது. அந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்கள்தான் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுவதை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன.

இன்சுலின் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்கிறது. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. கல்லீரலைப் பார்த்து, 'நீ வெளியே விட்டது போதும், நிறுத்து' என்று சொல்வதும் இன்சுலின்தான்.

கல்லீரல் குளுக்கோஸைச் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமல்ல, புதிதாகத் தயாரிக்கும் இடமும்கூட. நாம் தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டுமே. இரவு முழுக்கக் கல்லீரல்தான் அதை அளந்து அளந்து ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் குறைந்தாலோ, அதன் பேச்சைக் கல்லீரல் கேட்காமல் போனாலோ, அளவில்லாமல் விடத் தொடங்கிவிடும். 'ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் எப்படி 160?' என்று குழம்புகிறவர்கள் ஏராளம். அந்த 160 தட்டிலிருந்து வந்ததில்லை. அவர்களுடைய கல்லீரலே தயாரித்தது.

இதோடு சேர்த்து இன்னொரு விஷயம். வேலை செய்துகொண்டிருக்கும் தசை, இன்சுலின் துணை இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் நடந்தால் எண் இறங்குவதன் ரகசியம் இதுதான்.

கணையத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது 1889-இல் வெளியே வந்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, ஃபான் மெரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அறுத்து எடுத்தார்கள். அந்த நாய் ஓயாமல் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. சோதித்தால் சிறுநீரில் சர்க்கரை.

அது ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால் நோயின் அறிகுறிகள் எல்லாம் தானாகப் புரிந்துவிடும். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 180 வரை இருந்தால் சிறுநீரகம் அதை வீணாக்காமல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் முடியாது, சிறுநீரில் வழிந்துவிடும். வழியும் சர்க்கரை தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும், அதனால் அடிக்கடி சிறுநீர். தண்ணீர் போவதால் தாகம். சாப்பிட்ட சத்து சிறுநீரில் போவதால் உடம்பு இளைப்பு, களைப்பு, பசி. இப்போது இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். 126-க்கும் 180-க்கும் இடையில் ஒருவருடைய எண் வருடக்கணக்கில் நின்றால் சிறுநீரில் எதுவும் வழியாது, தாகமும் இருக்காது. நோய் இருக்கும், ஆனால் ஒரு குரலும் கொடுக்காது.

டைப் 1: உடம்பே உடம்பைத் தாக்குவது

கிருமிகளைக் கொல்ல வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் மாறாட்டமாகச் சொந்தக் கணையத்தின் பீட்டா செல்களையே தேடி அழிப்பது டைப் 1. இந்தத் தாக்குதல் அறிகுறி தெரிவதற்குப் பல மாதங்களுக்கு, ஏன் வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். தாக்குதலுக்காக எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் புரதங்களான எதிர்பொருள்களை ரத்தத்தில் கண்டுபிடிக்கவும் சோதனைகள் உண்டு. தாகம் எடுக்கிறது, இளைக்கிறது என்று தெரியும்போது பெரும்பகுதி பீட்டா செல்கள் போயிருக்கும்.

ஏன் சிலருக்கு மட்டும்? எதிர்ப்பு மண்டலத்தை நடத்தும் சில மரபணுக்கள் இதற்கு வழிவிடுகின்றன. ஆனால் மரபணு மட்டும் போதாது. உருவ ஒற்றுமையுள்ள இரட்டையரில் ஒருவருக்கு டைப் 1 வந்தால், அதே மரபணுக்களைச் சுமக்கும் மற்றவருக்கு வராமலே போவதும் சகஜம். எனவே வெளியிலிருந்து ஏதோ ஒன்று தூண்டுகிறது. குடலைத் தாக்கும் சில வைரஸ்கள் மேல் ஆராய்ச்சியாளர்களுக்கு வெகுநாளாகச் சந்தேகம் உண்டு, முழு நிரூபணம் இன்னும் இல்லை. இனிப்பு இந்தப் பட்டியலில் கிடையாது. கர்ப்பத்தில் தாய் என்ன சாப்பிட்டார் என்பதும் காரணமாக நிரூபிக்கப்பட்டதில்லை. டைப் 1 வருகிறவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது இருந்ததே இல்லை. யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை.

இது குழந்தைகளின் நோய் என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் கணிசமானவர்கள் இருபது வயதைத் தாண்டியவர்கள். நாற்பது வயதில் டைப் 1 வந்தால் அது மெதுவாக நகரும், மாத்திரைக்குக் கொஞ்ச நாள் கட்டுப்படும், அதனால் டைப் 2 என்றே தவறாக எண்ணிவிடுவார்கள். ஒல்லியான உடல்வாகு, மாத்திரை சீக்கிரமே பயனற்றுப் போவது, தைராய்டு போன்ற வேறு எதிர்ப்பு மண்டலக் கோளாறு கூட இருப்பது, இவையெல்லாம் மருத்துவரிடம் 'இது டைப் 1-ஆக இருக்குமோ?' என்று கேட்க வேண்டிய சமயங்கள். எதிர்பொருள் சோதனையும், சொந்தமாகச் சுரக்கும் இன்சுலினை அளந்து காட்டும் சி-பெப்டைட் சோதனையும் விடை தரும்.

இன்சுலின் இல்லாத காலத்தில் டைப் 1 என்றால் மரணம்தான். பட்டினி போட்டு நாட்களைத் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். 1921-இல் டொராண்டோவில் ஃபிரெடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும், பேராசிரியர் மக்ளௌடின் ஆய்வகத்தில், நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த அதே வகைச் சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். எலும்பும் தோலுமாக, முப்பது கிலோகூட இல்லாமல் இருந்தான். முதல் ஊசி பெரிதாகப் பலிக்கவில்லை, போட்ட இடம் புண்ணானதுதான் மிச்சம். ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் இரவும் பகலும் அந்தச் சாற்றைச் சுத்திகரித்தார். பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசியில் சிறுவனின் சர்க்கரை சரசரவென்று இறங்கியது. அதற்குப் பிறகு அவன் 13 வருடம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள். இன்சுலின் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம்.

இந்தக் கதையை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டைப் 1 உள்ள ஒருவருக்கு இன்சுலின் என்பது விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்கிற மருந்தல்ல. யாரோ சொன்னார்கள் என்று ஊசியை நிறுத்திவிட்டு வேறு எதையாவது நம்பினால், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி ரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தி, வயிற்று வலி, ஆழமாக மூச்சு வாங்குதல், மூச்சில் பழவாடை, அப்புறம் மயக்கம். ஓரிரு நாளில் உயிரே போகலாம். படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட குழந்தை திரும்ப நனைக்கத் தொடங்கினால், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இளைத்தால், 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்று இருக்கவே கூடாது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

டைப் 2: இரண்டு பழுதுகள் சேர்ந்து

உலகில் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் டைப் 2. இங்கே பீட்டா செல்களை யாரும் தாக்குவதில்லை. தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லுக்குச் சரியாகச் செவி சாய்ப்பதில்லை, இது முதல் பழுது. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது, பிறகு ஒரு கட்டத்தில் அதுவும் ஓய்ந்துபோகிறது, இது இரண்டாவது. முதல் பழுது மட்டும் இருப்பவருக்கு நோய் வராது. இரட்டிப்பாகச் சுரக்கும் கணையம் இருந்தால் ஆயுள் முழுக்கச் சமாளித்துவிடலாம். உடல் பருமன் உள்ள பெரும்பாலானோருக்குச் சர்க்கரை நோய் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

முதல் பழுது எப்படித் தொடங்குகிறது? மிச்சமான சத்தைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்க உடம்பு தேர்ந்தெடுத்த இடம் தோலுக்கு அடியில். அந்த இடம் எவ்வளவு கொள்ளும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பரண் நிறைந்துவிட்ட வீட்டில் சாமான்கள் நடக்கிற வழியில் வந்து குவிவதுபோல, தோலடி இடம் நிறைந்ததும் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் போய்ச் சேருகிறது. அங்கே அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. பரண் பெரிதாக இருப்பவர் நூறு கிலோவிலும் நலமாக இருப்பார். சிறிதாக இருப்பவருக்கு 65 கிலோவிலேயே வந்துவிடும். பார்க்க ஒல்லியாக, ஆனால் வயிறு மட்டும் முன்னால் நிற்கிறவர்களுக்கு நோய் வருவதன் காரணம் இதில் இருக்கிறது. ஆசிய வம்சாவளியினருக்கு இது இன்னும் குறைந்த எடையிலேயே நடக்கிறது. அதனால்தான் உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிடும் பிஎம்ஐ அளவுகோலில் பொதுவாக 25 என்று வைக்கும் எச்சரிக்கைக் கோட்டை, அவர்களுக்கு 23 என்று கொள்ளலாம் என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எடை பார்க்கும் கருவியைவிட இடுப்பைச் சுற்றி அளக்கும் டேப் இங்கே அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

இப்படிக் கொழுப்பு சேர்ந்துகொண்டிருக்கும் ஆண்டுகளில் ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருக்கும். கணையம் இரண்டு பங்கு உழைப்பதால் எண் கெடாமல் நிற்கிறது, அவ்வளவுதான். 'சுகர் நார்மல்' என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் ஆண்டுகளில்தான் உள்ளே பாதி வேலை நடந்துகொண்டிருக்கிறது. நோய் என்று கண்டுபிடிக்கும் நாளில் பீட்டா செல்களின் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கும் என்று பிரிட்டனில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்று கணித்தது.

சரி, இனிப்புக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் ஊரில் பேசிக்கொள்ளும் விதத்தில் இல்லை. சர்க்கரையைத் தின்றால் அது அப்படியே ரத்தத்தில் தங்கி நோயாவதில்லை. தேவைக்கு மேல் எந்தச் சத்து உள்ளே போனாலும், அது இனிப்போ எண்ணெயோ, கொழுப்பாகச் சேர்ந்து மேலே சொன்ன வழியில்தான் போகும். ஆனால் இனிப்புப் பானங்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வயிறு நிறைந்த உணர்வைத் தராமலே நிறையச் சத்தை உள்ளே தள்ளிவிடுகின்றன. தினமும் குடிப்பவர்களுக்கு டைப் 2 அதிகம் வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மற்றக் காரணங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடும், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். டைப் 1-ஐவிட டைப் 2-தான் குடும்பத்தில் அதிகம் தொடரும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வயது ஏற ஏறத் தசை குறையும், குளுக்கோஸ் போய்ச் சேரும் இடமும் குறையும். உட்கார்ந்தே வேலை, தூக்கக் குறைவு, புகைப் பழக்கம், பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை எல்லாமே ஆபத்தைக் கூட்டுபவை. கருவில் இருந்த நாட்களுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45-இல், நெதர்லாந்தில் கொடும் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, அவர்களுடைய உடம்பு குளுக்கோஸைக் கையாள்வதில் மற்றவர்களைவிடத் தடுமாறியது. பிறப்பதற்கு முன்பே பட்டினி கிடந்த ஒருவரைப் பார்த்து 'உன் வாய்க்கட்டுப்பாடு சரியில்லை' என்று எப்படிச் சொல்வது?

காரணம் முழுக்க நம் கையில் இல்லை என்பதற்காகத் தடுக்கவே முடியாது என்று ஆகாது. அமெரிக்காவில் நோயின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2002-இல் முடிவு வெளியானது. உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பதை இலக்காக வைத்துக்கொண்டவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைவிட டைப் 2 வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது. வந்த பிறகும் கதவு முழுக்க மூடிவிடுவதில்லை. பிரிட்டனில், நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு மேற்பார்வையோடு சில மாதம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையே இல்லாமல் நோய் வரம்புக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ இளைத்தவர்களில் அது 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம். இதை நிரந்தரக் குணம் என்று சொல்ல மாட்டேன். எடை திரும்பினால் நோயும் திரும்பும், இரண்டாம் வருட முடிவில் 36 சதவீதம் பேர்தான் அந்த நிலையில் நின்றார்கள். ஆனாலும் 'ஒருதடவை வந்தால் கூடிக்கொண்டேதான் போகும்' என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. மாத்திரையை நிறுத்துவதை மட்டும் யாரும் தாமாக முயல வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் வருவது, அபூர்வமாக வருவது

கர்ப்பத்தின் பிற்பகுதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை வேண்டுமென்றே மட்டுப்படுத்துகின்றன, குழந்தைக்குக் குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கட்டும் என்று. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து இதைச் சரிக்கட்டிவிடும். முடியாதவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். 24 முதல் 28 வாரத்துக்குள் இதற்கான சோதனை செய்வது வழக்கம். கவனிக்காவிட்டால் குழந்தை அளவுக்கு மீறி வளரும், பிறந்தவுடன் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கும். பிரசவமானதும் தாய்க்கு எண் சரியாகிவிடுகிறது, விஷயமும் அங்கேயே மறந்துபோகிறது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். அந்தப் பெண்ணுக்குப் பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு சோதனை, அப்புறம் இடைவெளிவிட்டு ஆயுளுக்கும் சோதனை என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். குழந்தைக்கு என்றைக்குத் தடுப்பூசி என்று எல்லாருக்கும் நினைவிருக்கிறது, தாய்க்கு என்றைக்குச் சோதனை என்பது ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை.

மற்ற வகைகள் எண்ணிக்கையில் சிறியவை. ஒரே ஒரு மரபணுப் பழுதால் வருவது மோடி (MODY) எனப்படும் வகை. தாத்தா, அப்பா, மகள் என்று தலைமுறைதோறும் இளவயதிலேயே வரும். இதில் ஒரு பிரிவுக்கு மருந்தே தேவைப்படாது, இன்னொன்றுக்குச் சாதாரண மாத்திரையே அருமையாக வேலை செய்யும். ஆனால் டைப் 1 என்று எண்ணி வருடக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கும் மரபணுச் சோதனை அவசியம், சிலருக்கு ஊசியை விட்டு மாத்திரைக்கே மாற முடியும். கணைய அழற்சி, கணையத்தை அகற்றும் அறுவை, நீண்ட நாள் ஸ்டீராய்டு ஆகியவற்றாலும் வரும். சிறுவயதில் சத்தில்லாமல் வளர்ந்து, மெலிந்த உடம்போடு இருக்கும் இளைஞர்களுக்கு வரும் வகையைச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல்தான் டைப் 5 என்று தனியாக அங்கீகரித்தது. அதிகம் சாப்பிட்டால் வரும் நோய் என்று உலகம் பேசிக்கொண்டிருந்தபோது, சாப்பாடே கிடைக்காததால் வந்தவர்கள் ஒரு பெயர்கூட இல்லாமல் இருந்தார்கள்.

எத்தனை பேருக்கு

அதே கூட்டமைப்பு 2000-இல் தன் முதல் கணக்கை வெளியிட்டபோது உலகில் 15.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. 2024-க்கான கணக்கில், 20 முதல் 79 வயதுள்ளவர்களில் 58.9 கோடிப் பேர். ஒன்பது பேரில் ஒருவர். இப்படியே போனால் 2050-இல் 85.3 கோடி ஆகும் என்று கணிக்கிறார்கள். எண்ணிக்கையில் சீனா முதலிடம், சுமார் 14.8 கோடி. அடுத்து இந்தியா, சுமார் 9 கோடி. நோய் உள்ளவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் குறைந்த அல்லது நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் வாழ்கிறார்கள். பணக்காரர்களின் நோய் என்ற பேச்சை நாம் எப்போதோ விட்டிருக்க வேண்டும்.

வேறொரு இடத்தில் 82.8 கோடி என்று படித்தால் குழம்ப வேண்டாம். அது 2022-க்காக இன்னொரு சர்வதேச ஆய்வுக் குழு கணக்கிட்டது. 18 வயதிலிருந்து எல்லா வயதினரையும் எடுத்துக்கொண்டது, ஃபாஸ்டிங் எண்ணோடு ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சோதனையையும் சேர்த்துப் பார்த்தது. ஒரு சோதனையில் தப்பியவர் இன்னொன்றில் அகப்படுவார் அல்லவா, அதனால் எண் கூடும். யாரை, எந்த வயதில், எந்தச் சோதனையால் எண்ணினார்கள் என்று பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

எண் ஏறுவதற்கும் ஒரே காரணமில்லை. மக்கள்தொகை கூடியிருக்கிறது, மக்கள் அதிக வயதுவரை வாழ்கிறார்கள், முன்பைவிட அதிகமாகச் சோதிக்கிறோம். இன்னொன்று நல்ல காரணம்: நோய் வந்தவர்கள் மருந்தால் நீண்ட காலம் வாழ்கிறார்கள், அதனால் கணக்கில் தொடர்ந்து இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சும் ஏற்றம், வாழும் முறை மாறியதால் வந்தது. அதுவும் சிறிய பங்கல்ல.

இதையே திருப்பிப் பார்த்தால் டைப் 1-இல் மனம் கனக்கிறது. உலகில் டைப் 1 உள்ளவர்கள் 90 லட்சத்துக்கு மேல். குழந்தைகளுக்குப் புதிதாக வரும் விகிதம் ஃபின்லாந்தில்தான் உச்சம். சில ஏழை நாடுகளில் எண்ணிக்கை மிகக் குறைவாகத் தெரிகிறது. அங்கே நோய் குறைவு என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்ள முடியாது. கண்டுபிடிப்பதற்கு முன்பே, காய்ச்சல் என்றோ வயிற்றுப்போக்கு என்றோ எண்ணி, குழந்தைகள் இறந்துபோவதும் அந்தக் குறைவுக்குள் இருக்கிறது. பத்து வயதில் டைப் 1 வந்த குழந்தை, செல்வந்த நாட்டில் சராசரியாக இன்னும் 65 வருடம் வாழும், மிக ஏழை நாட்டில் 13 வருடம்தான் என்று 2022-இல் வெளியான ஒரு ஆய்வு கணித்தது. இன்சுலினைக் கண்டுபிடித்து நூறு வருடம் கடந்த பிறகு!

தெரியாமலே இருப்பவர்கள்

58.9 கோடியில் நூற்றுக்கு 43 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. 180-ஐத் தாண்டாதவரை உடம்பு காட்டிக்கொடுக்காது என்று முன்பே பார்த்தோம். புண் ஆறவில்லை என்று போய், கண் மங்குகிறது என்று போய், சிலர் நெஞ்சுவலி என்று போய், அங்கே தெரிந்துகொள்கிறார்கள். அதனால் அறிகுறிக்குக் காத்திருப்பது இந்த நோயில் செல்லாது. வயது 35-ஐத் தாண்டியவர்கள், அதற்கு முன்பே எடை கூடியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் உள்ளவர்கள், கர்ப்பத்தில் சர்க்கரை வந்துபோன பெண்கள் ஆகியோர் நன்றாக இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலரும் பின்பற்றும் அளவுகள் இவை. எட்டு மணி நேரம் சாப்பிடாமல் எடுக்கும் ஃபாஸ்டிங் 100-க்குக் கீழே இருந்தால் சரி, 100 முதல் 125 வரை வாசலில் நிற்பது, 126-உம் அதற்கு மேலும் நோய். 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-க்குக் கீழே சரி, 200-ஐத் தொட்டால் நோய். ஹெச்பிஏ1சி 5.7-க்குக் கீழே சரி, 6.5 ஆனால் நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது, இன்னொரு முறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும்.

ஹெச்பிஏ1சி பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன, அந்த நாட்களில் அவற்றில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியது என்பதைத்தான் அது அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுளே மாறிவிட்டால் அளவும் மாறும். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்த இழப்பு ஏற்பட்டவர்களுக்கும், சிவப்பணு சீக்கிரம் சிதையும் நோய் உள்ளவர்களுக்கும் குறைவாகக் காட்டலாம், கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான். இவர்களுக்கு ஃபாஸ்டிங்கும் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையும்தான் பொருந்தும், ரத்தம் எடுக்கும் முன்பே இந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.